ஒரு வாய் தேநீர்ச் சோறு

"இந்தக் காலணியைப் பார்த்தாலே தெரியுது, நீங்க எவ்வளவு ஊர் பார்த்திருப்பீங்கன்னு. உங்க புண்ணியத்துல எங்க வாசப்படிக்கும் நாலு ஊரு மண்ணு கிடைச்சுது."

மிசாவோ இதைச் சிரித்த முகத்தோடுதான் சொன்னாள். கியோத்தோவில் நல்ல குடும்பத்துப் பெண்கள் யாரையும் நேருக்கு நேர் வைவதில்லை. அவளுடைய விடுதியின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். முதுகுப் பை அவளைவிடப் பெரிதாக இருந்தது. பையும் அவளும் சேர்ந்து சொட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நன்றிம்மா," என்றாள் அந்தப் பெண், பாராட்டு வாங்கியவள் மாதிரி. "ரெண்டு மாசமா நாடு முழுக்கச் சுத்தறேன். வடக்கே கூடாரத்தைக் காத்து அடிச்சிட்டுப் போயிடுச்சு. அகிதாவுல சோத்து உருண்டையைக் காக்கா தூக்கிட்டுப் போயிடுச்சு. இன்னைக்குக் கொப்புளம் உடைஞ்சு காலை ஊன முடியல. மழை விடற வரைக்கும் இங்க உக்காந்துக்கறேனே."

"தாராளமா. இந்த ஊரு மழையும் உங்களை மாதிரிதான், வந்தா லேசுல கிளம்பாது."

மிசாவோ உள்ளே திரும்பிக் கடிகாரத்தைப் பார்த்தாள். தெரிந்தவர் யாராவது சொல்லி அனுப்பாமல் ஒரு ஈ காக்கைகூட ஹகினோயா விடுதிக்குள் நுழைந்ததில்லை. நான்கு மணிக்குத் தேநீர்ச் சடங்கு ஆசிரியை தோயாமா தன் மாணவிகளோடு வருகிறார். நாற்பது வருட வாடிக்கை. இங்கே கண்டவர்கள் கால் வைப்பதில்லை என்பதற்காகவே வருகிறவர். இந்த ஊர்சுற்றியை வாசலில் பார்த்தால் அடுத்த முறை எதிர்த்த விடுதிக்குப் போய்விடுவார். அவர் போனால், அவர் சொல்லி வருகிற அத்தனை பேரும் போய்விடுவார்கள்.

"எந்தப் பக்கம் உங்களுக்கு?"

"இப்ப அகிதாவுலேர்ந்துதான் வர்றேம்மா."

அகிதாவா! வருஷத்தில் பாதி நாள் பனியை வாரிக் கொட்டுகிறவர்களுக்குப் பேச்சில் நாசூக்கு எங்கிருந்து வரும் என்று மிசாவோ மனதுக்குள் முகம் சுளித்தாள். இவளுக்கு இன்னும் பச்சையாகச் சொன்னால்தான் ஏறும்.

"குரல் என்னமா கணீர்னு இருக்கு. மாடியில இருக்கறவங்களுக்குக்கூட உங்க கதை முழுக்கக் கேட்டிருக்கும்."

"எங்க அம்மாவும் இதையேதான் சொல்வாங்க."

மணி மூன்றரை. மிசாவோ கடைசி ஆயுதத்தை எடுத்தாள். இந்த ஊரில் பிறந்த பூனைக்குக்கூட அதன் அர்த்தம் தெரியும்: எழுந்து நடையைக் கட்டு.

"ஒரு வாய் தேநீர்ச் சோறு சாப்பிட்டுட்டுப் போறீங்களா?"

"குடுங்கம்மா. காலையிலேர்ந்து பட்டினி."

மிசாவோவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் யாரும் 'குடுங்க' என்று சொன்னதே இல்லை. அந்தச் சோறு வாயால் போடுவதற்கு மட்டும்தான், அடுப்பில் வைப்பதற்கு அல்ல. ஆனாலும் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க முடியாமல் அவள் சமையலறைக்குப் போனாள்.

"ஹட்சுயோ, சோறு மிச்சம் இருக்கா?"

"யாருக்கும்மா?" என்றாள் பணிப்பெண்.

"வாசல்ல ஒரு பட்டிக்காடு உக்காந்திருக்கு. எதைச் சொன்னாலும் அப்படியே எடுத்துக்குது. பழைய சோத்துல தேநீரை ஊத்தி, ஓரமா ஊறுகாயை வச்சுக் குடு."

அந்தப் பெண் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மழை விட்டது. அவள் எழுந்து, இடுப்பு மடிய வணங்கினாள்.

"இந்த ரெண்டு மாசத்துல இவ்வளவு மனசோட யாரும் என்னை உபசரிச்சதில்லம்மா."

"அடிக்கடி வாங்க," என்றாள் மிசாவோ. இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காதே என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல அவளுக்குத் தெரியாது. "உங்களை மாதிரி சுத்தறவங்க இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வாங்க."

வாசலை மூன்று முறை கழுவினார்கள். ஆசிரியை வந்தார். வழக்கம்போல் விடுதி சத்தமில்லாமல் இருந்தது, மிசாவோவும் நிம்மதியாக மூச்சுவிட்டாள்.

மறுநாள் காலை தோயாமா கிளம்பும் நேரத்தில் வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். எல்லோர் முதுகிலும் பை.

"தேநீர்ச் சோறு இங்கதானே?" என்றான் முன்னால் நின்ற தாடிக்காரன்.

அது சும்மா பேச்சுக்குச் சொன்னது என்று சொல்ல மிசாவோ வாயைத் திறந்தாள். அந்த வீட்டுப் பெண் எவளும் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொன்னதில்லை, அவளுக்கும் நாக்கு புரளவில்லை. "வாங்க, உள்ள வாங்க" என்றுதான் வந்தது. அவர்களும் வந்துவிட்டார்கள்.

தோயாமா பைகளுக்கு நடுவே ஒதுங்கி நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டு இனிமையாகச் சிரித்தார்.

"வீடு நல்லாக் கலகலன்னு ஆயிடுச்சு மிசாவோ. இனி எங்களை மாதிரி கிழங்களைக் கவனிச்சுக்கற சிரமம் உங்களுக்கு இல்ல."

மிசாவோவுக்குப் புரிந்தது. நாற்பது வருடம் ஒரு சிரிப்பில் முடிந்தது.

ஹட்சுயோ கைப்பேசியோடு ஓடி வந்தாள். "அம்மா, நேத்து வந்த பொண்ணு இணையத்துல எழுதியிருக்கும்மா. 'ஹகினோயா அம்மா நான் யாரு, யாரு அனுப்பினதுன்னுகூடக் கேக்கல. தேநீர்ச் சோறு போட்டாங்க. நம்மள மாதிரி சுத்தறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. மனசுல இருக்கறதை மறைக்கவே தெரியாத ஜீவன்.' நாலாயிரம் பேர் படிச்சிருக்காங்க."

"பனிக்காட்டு ஜென்மம்," மிசாவோ பல்லைக் கடித்தாள். "பேச்சோட அர்த்தம் புரியாத முண்டம்."

"கீழே இன்னும் ஒரு வரி இருக்கும்மா." ஹட்சுயோ தயங்கித் தயங்கி வாசித்தாள். "'ரெண்டு மாசம் வெளியூர்ல திரிஞ்சுட்டு வர்றப்ப, அவங்க பேச்சைக் கேட்டதுமே சொந்த ஊருக்கு வந்துட்டோம்னு தெரிஞ்சுபோச்சு. எங்க வீடு அங்கேர்ந்து நாலாவது தெரு, ஒன்பது தலைமுறையா கியோத்தோதான்.'"