இருக்கீங்களா?

மணிக்கொரு தடவை அந்தக் கறுப்பு விண்டோ கம்ப்யூட்டரில் தானாகத் திறந்து, 'இருக்கீங்களா?' என்று கேட்கும். 'ஆமாம்' என்பதற்கு ஒய் எழுத்தை அழுத்த வேண்டும்.

"வேவு பாக்குறதைப் பாத்தியாப்பா!" என்று லாரி டிரைவர் ஜான்சனிடம் பொரிந்து தள்ளினார், மரக்காணம் உப்பளத்து எடைமேடை கிளார்க் சகாதேவன். "நான் சீட்ல இருக்கேனான்னு முதலாளிக்குச் சொல்லத்தான் புது ஆபரேட்டர் வினோதினி இந்த பேட்ச் ஃபைல் புரோகிராமை எழுதி வச்சிருக்கு. என்னை மாதிரி சுகர்காரனை வீட்டுக்கு அனுப்ப ஒரு சாக்கு வேணும்ல!"

ஒய்யை ஓங்கித் தட்டினார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு விண்டோ திறந்தபோது எழுத்துகள் கலங்கின. கை கீபோர்டுக்கு எழவில்லை.

கண் விழித்தபோது, ஜான்சன் சர்க்கரைத் தண்ணீர் புகட்டிக்கொண்டிருந்தான்.

"சுகர் இறங்கிடுச்சு சார். லாரி நம்பர் கூப்பிடுற ஸ்பீக்கர் சைரன் மாதிரி அலறுச்சு. உப்புப் பாத்தியில இருந்தவங்க எல்லாம் ஓடியாந்தோம்."

"ஸ்பீக்கரை யாரு போட்டா?"

பக்கத்தில் நின்ற வினோதினி தயங்கினாள். "அந்த ஃபைல்தான் சார். ஒரே ஒரு கண்டிஷன். அஞ்சு நிமிஷத்துல நீங்க ஒய் அழுத்தலைன்னா சைரன் அடிக்கணும்."

"அப்போ முதலாளிக்கு?"

"அவருக்கு இப்படி ஒண்ணு இருக்குறதே தெரியாதுங்க."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்லம்மா?"

"சொன்னா வேணாம்னு நிறுத்தியிருப்பீங்க. எங்கப்பாவும் அப்படித்தான், சுகரை வச்சுக்கிட்டு யார் துணையும் வேணாம்பாரு. பம்ப் ஷெட்ல தனியா விழுந்து கிடந்தாரு. சாயங்காலம் வரைக்கும் யாருக்கும் தெரியல சார்."

சகாதேவன் மிச்சமிருந்த சர்க்கரைத் தண்ணீரைக் குடித்து முடித்தார்.

ஒரு மணிக்கு விண்டோ திறந்தது. 'இருக்கீங்களா?'

"இருக்கேம்மா" என்று வினோதினியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, ஒய்யை மெல்ல அழுத்தினார்.