தரையில் தட்டும் கால்

நடுப்பகல் வெயில் திரையின் இடுக்கில் நுழைந்து எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகளில் நடுங்குகிறது. இரவு வேலை முடிந்துவந்த ஜெனில் கட்டிலில் படுத்திருக்கிறான். கொல்லயில் ஊர்ச் சபையின் ஞாயிறு ஆராதனையில் முதன்முறையாக வாசிக்கவேண்டிய அவன் மனைவி சுமி, கடையிலிருந்து வாங்கிவந்த, ஒலியை ஹெட்போனுக்குள் மட்டும் தரும் இரண்டு சிறிய ஹெட்போன் ஆம்ப்களைக் கிட்டாரில் மாற்றி மாற்றிச் செருகுகிறாள். மாலைக்குள் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். முதலாவதில் நாதம் இனிமை. ஆனால் ஒலி இமைப்பொழுது பிந்துகிறதோ என்று சந்தேகம். அறையில் கேட்பது கம்பியின் கீச்சும் தரையில் அவள் கால் போடும் தாளமும்தான். இரண்டாவதிலும் வாசித்துப் பார்த்துவிட்டு, மறுபடி மாற்ற ஹெட்போனைக் கழற்றுகிறாள். “மொதல்ல உள்ளது வேண்டாம் மக்கா, அதில ஒன் காலு தப்புது. இதாக்கும் கொள்ளாம், தாளம் சரியா நிக்குது,” என்கிறான் ஜெனில். “உறங்கல்லியா நீங்க?” “நீ இப்பிடி தரையில சவுட்டினா எப்பிடி உறங்க?” அவள் காலை மடக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு வாசிக்கிறாள். விரல் தவறுகிறது. மறுபடியும் அதே இடத்தில் தவறுகிறது. ஜெனில் கண் திறக்காமலேயே கையை நீட்டி, அவள் காலைப் பிடித்துத் தரையில் வைக்கிறான்.