சிக்னலில் மட்டும் வியர்வை

“ஏதாவது கோளாறு இருக்கா?” மூன்றாவது முறையாகக் கேட்டாள். இருக்க வேண்டுமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

பானெட்டுக்குள் குனிந்திருந்த மெக்கானிக் சிரித்தார். “எல்லாரும் ஒண்ணும் இருக்கக்கூடாதுன்னு வேண்டிப்பாங்க. நீங்க தலைகீழா இருக்கீங்களேம்மா!”

“ஏசி போட்டும் எனக்கு வேர்த்துக் கொட்டுது. வீட்டுக்காரர், கார் ஜில்லுன்னுதான் இருக்கு, கோளாறு உனக்குத்தான்ங்கிறார்.”

“சார் எங்க ஓட்டுவார்?”

“ஹைவேயில. நான் ஸ்கூல் வாசல், சிக்னல்னு ஊர்ந்துகிட்டிருப்பேன்.”

“அப்ப ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். ஓடுற வண்டியில ஏசி குளிர எதிர்காத்தே போதும். நின்னுட்டா இந்த ஃபேன் சுத்தணும். இது அசையவே இல்ல, பாருங்க. இதுக்கு கரண்ட் விடுற ரிலே கருகிப்போச்சு.”

ரிலேயை மாற்றியதும் விசிறி சுழன்றது. காருக்குள் உட்கார்ந்தவளின் முகத்தில் குளிர் வந்து மோதியது. கண் கலங்க, போனை எடுத்தாள்.

“சாரை நல்லா ஒரு பிடி பிடிங்க!” என்றார் மெக்கானிக்.

அவள் அழைத்தது கணவரை அல்ல.

“கிளினிக்கா? நாளைக்கு டாக்டரைப் பார்க்கப் பேர் கொடுத்திருந்தேன். வேண்டாம், எடுத்துடுங்க.”

“ஏன் மேடம்? உடம்பெல்லாம் சூடா வருது, நாற்பது வயசுலயே மாதவிலக்கு நிக்கப்போகுதோன்னு அழுதீங்களே?”

“சூடு எனக்கில்லைங்க, காருக்கு. இப்பதான் சரியாச்சு.”