நடுங்கும் சொல்

படிக்கக் கற்றுக்கொடுக்கும் செயலி, சின்னக்கிளிக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டிருந்தது. ஆஸ்பத்திரியில் தரை துடைக்கும் அவள், வார்டு உதவியாளர் தேர்வுக்காக இரண்டு மாதமாக அதில் படிக்கிறாள். செயலியை மதிப்பிட வந்த பூவராகனுக்கு எதுவானாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் மதிப்பெண்ணை விட்டுவிட்டு அவள் விரலைக் கவனித்தார். 'மருந்து' என்று செயலி சொன்னது. திரையில் ஆறு சொற்கள். அவள் எதையும் படிக்காமல் மளமளவென்று மூன்றைத் தட்டினாள், மூன்றும் தவறு. உடனே சரியான சொல் தானாகவே லேசாக நடுங்கியது. கற்பவர் மனம் உடைந்துவிடக் கூடாதாம். கடைசித் தட்டலுக்கு மட்டும்தான் மதிப்பெண். நடுங்கியதைத் தொட்டாள். திரையெங்கும் பூமழை.

"என்ன வேகம் பாத்தீங்களா சார்!" என்றார் செயலி நிறுவனத்து மேலாளர் ஜெயசீலன்.

"பாத்தேன். இதுல எங்க வீட்டுக் கோழிகூட பாஸாயிரும்."

பூவராகன் ஒரு தாளில் அதே ஆறு சொற்களை எழுதி நீட்டினார். "மருந்து எதும்மா?"

சின்னக்கிளி மூன்று சொற்களை விரலால் தட்டினாள். பிறகு கண்கொட்டாமல் தாளைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

"தாள்ல அந்த வசதி இல்லையே சார்," என்றார் ஜெயசீலன். "எங்க மேல குறை சொல்ல முடியாது."

அவள் தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தாள். பிறகு செயலி ஓடிய கைக்கணினியைக் காட்டி, பூவராகனிடம் மெதுவாகக் கேட்டாள்: "திங்கக்கெழம பரீட்ச இந்த டப்பாலதான சார் வெப்பாங்க?"