மேஸ்திரிக்கு வசனம் இல்லை

“நைனா, டிபன் பாக்ஸ மாத்தி எடுத்துட்டு வந்துட்ட பாரு. இது அனு ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போறது. அங்க அவ உன் கருவாட்டுக் கொழம்பத் தெறந்து பாத்துட்டு அழுதுட்டு இருப்பா” என்று சொல்லி ராபர்ட் சிரித்தான்.

மகன் சிரித்து சாமிக்கண்ணு பார்த்தது அதுதான் கடைசி. ஒரு மணி நேரத்தில் செம்மங்குப்பத்தில் அவர்கள் வேலை பார்த்த ரசாயனத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்தது. அதே பாய்லர் பகுதியில் வேலையிலிருந்த சாமிக்கண்ணு அந்த நேரம் டீ குடிக்க வெளியே போயிருந்ததால் பிழைத்தார். ‘சேப்டி வால்வைக் கம்பியால் கட்டிவைத்த தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்’ என்று விசாரணை அறிக்கை வந்தது. அந்தத் தொழிலாளி ராபர்ட்.

அது நடந்து இரண்டு வருஷமாகிறது. நேற்று, பள்ளிக்கூடத்திலிருந்து சிதம்பரத்துக்குக் கண்காட்சி பார்க்கப் போன பேத்தி அனுப்பிரியா, பையைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

“கண்ணாடி மாட்டி காட்டுனாங்க தாத்தா. வால்வக் கட்டுனவன் முட்டாளாம். எல்லாரும் என்னையே திரும்பிப் பாத்தாங்க.”

இன்று விடிந்ததும் சாமிக்கண்ணு கடலூரில் பஸ் ஏறிவிட்டார். “தனியா வுட்டா யாரையாவது அடிச்சிட்டுதான் வருவீங்க மாமா” என்று மருமகள் ரேகாவும் கூடவே வந்தாள்.

சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஒரு மண்டபம். ‘உலகை மாற்றிய கண்டுபிடிப்புகள்’ என்று வாசலில் பேனர். உள்ளே அச்சு இயந்திரத்துக்கு ஒரு மேசை, தொலைநோக்கிக்கு ஒன்று, சேப்டி வால்வுக்கு ஒன்று. வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் அந்தக் காலத்துக்கே போய் நிற்கலாம். மாட்டியவர் பார்ப்பதை மற்றவர்களும் பார்க்கப் பக்கத்தில் ஒரு டிவி.

வால்வு மேசையில் நின்றவன் அருண்பாண்டியன். காட்சியை உருவாக்கியவனும் அவன்தான்.

“தம்பி, அந்தத் தொழிலாளிய முட்டாளுன்னு போட்டது யாரு?”

“முட்டாள்னு போடல சார். கவனக்குறைவுன்னுதான் வரும்.”

“ரெண்டும் ஒண்ணுதான். அவன் கையால கட்டுனான், சரி. கட்டச் சொன்னது யாரு?”

“சார், வால்வு கண்டுபிடிச்சு முன்னூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கண்டுபிடிச்சவரக் காட்டறோம். அப்புறம் அந்தக் காலத்து ஆலை ஒண்ணு. வால்வக் கட்டுனா என்ன ஆவும்னு புள்ளைங்களுக்குத் தெரியணும்ல?”

“ஆவி ஜாஸ்தியானா வால்வு தூக்கும். தூக்குனா ப்ரெஷர் எறங்கும், மிஷின் நிக்கும். நின்னா தொழிலாளிக்கு என்னா போச்சு? அவன் ஏன் கட்டப்போறான்? ஓட்டு ஓட்டுன்னு ஒருத்தன் கழுத்துல ஏறி ஒக்காந்திருப்பான்ல, அவன் எங்க?”

“மெதுவா மாமா. எல்லாரும் பாக்கறாங்க.”

“பாக்கட்டும். நேத்து எம் பேத்தியப் பாத்தாங்கல்ல.”

அருண்பாண்டியன் பொறுமையை விடவில்லை. “மேஸ்திரி இருக்காரு சார். ஓரமா நிப்பாரு. வெடிக்கறதுக்கு முன்னாடி வெளில போயிடுவாரு. அவருக்கு வசனம் கெடையாது.”

“ஏன், வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கான்?”

வரிசையில் நின்ற மாணவர்கள் சிரித்துவிட்டார்கள். சாமிக்கண்ணுவுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“சிரிக்காதீங்கடா. செத்தவன் எழுந்து வந்து பேச மாட்டான்னு எல்லாருக்கும் தைரியம். அந்த மேஸ்திரிப் பய ஒரு வார்த்த வாயத் தொறந்திருந்தா, பத்து வயசுப் புள்ள தலையக் குனிஞ்சிட்டு வூட்டுக்கு வருமா?”

ரேகா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “இத அன்னிக்கே விசாரணையில கேட்டிருக்கலாமே மாமா.”

அவர் முகத்தை டிவி பக்கம் திருப்பிக்கொண்டார்.

அருண்பாண்டியன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். “யாரு சார் செத்தது?”

“எம் மவன்.”

அவன் மேசையிலிருந்த கண்ணாடியைக் கையில் எடுத்தான். பிறகு, “கவனக்குறைவுங்கற அந்த வரிய எடுத்துடறேன் சார். மேஸ்திரி என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லுங்க, போட்டுடலாம். மொதல்ல ஒரு தடவ பாத்துடுங்க. யாரு எடத்துல வேணா நின்னு பாக்கலாம்” என்றான்.

“மேஸ்திரி எடத்துல நிக்க வை.”

கண்ணாடி முகத்தை மூடியது. காதுகளையும் அடைத்துக்கொண்டது. மண்டபம் போயிற்று, ரேகா போனாள். செங்கல் சுவர், கரி, பனைமர உயரத்துக்கு பாய்லர். ஆவியின் இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை. தொழிலாளி ஒருவன் தோளில் கம்பிச் சுருளோடு அவரைக் கடந்து ஏணியில் ஏறினான். முகம் தெரியவில்லை. வியர்வையில் நனைந்த முதுகு மட்டும் தெரிந்தது. வால்வின் கைப்பிடியில் கம்பியைச் சுற்றி முறுக்கினான்.

சாமிக்கண்ணு பாய்ந்து கம்பியைப் பிடித்தார். கை அதன் ஊடே போய்விட்டது. மறுபடி பிடித்தார்.

வெளியே எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, வயதான ஒருவர் வெறும் காற்றை இரண்டு கையாலும் பிய்த்துக்கொண்டிருந்தார். தன் குரல் மண்டபம் முழுக்கக் கேட்கும் என்பது அந்த இரைச்சலில் அவருக்குத் தெரியவில்லை.

“கம்பிய அவுருடா ராபர்ட்டு. ‘கட்டுடா, நான் பாத்துக்கறேன்’னு நான் சொன்னத நம்பாதடா. நான்தான் சொன்னேன்னு உன் நைனா யாருகிட்டயும் சொல்ல மாட்டான்டா.”

டிவியில் கம்பி கட்டினபடியே இருந்தது.