எட்டும் பத்தும்

பனிமலை அடிவாரத்தில் பூட்ஸ் வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்று இருந்தது. இறங்கி வருகிறவர்களின் கால்விரல்களை எண்ணிப் பார்த்த பிறகுதான் கடைக்காரர் பூட்ஸைத் திரும்ப வாங்குவார்.

சிவப்பு பூட்ஸுக்கு இந்த வழக்கம் பிடிக்கவே பிடிக்காது. இரண்டு முறை உச்சியைத் தொட்டது அது. பக்கத்திலிருந்த பழுப்பு பூட்ஸோ நாலு முறை போய், நாலு முறையும் பாதியில் திரும்பியிருந்தது.

ஒரு நாள் மலையேற வந்த பெண், கனத்த கம்பளிக் காலுறையோடு இரண்டையும் போட்டு, மலைச்சரிவு போலச் சாய்த்து வைத்திருந்த பலகையில் இறங்கிப் பார்த்தாள். இரண்டும் பொருந்தின.

"சிவப்பு உச்சிக்கே போயிருக்கும்மா," என்றார் கடைக்காரர். "ஆனா கடைசியா போட்டுட்டுப் போனவர் எட்டு விரலோட வந்தார். மத்த ரெண்டும் பனியில கருகிப்போச்சு."

"பழுப்பு?"

"உச்சியைப் பார்த்ததில்ல. நாலு பேருக்கும் பத்து இருந்துச்சு."

அவள் பழுப்பின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள்.

ஆறாம் நாள் திரும்பி வந்தாள். கடைக்காரர் நிதானமாக எண்ணினார். பத்து.

"உச்சி எப்படி இருந்தது?" என்று மெல்லக் கேட்டது சிவப்பு.

"கூப்பிடு தூரத்துல இருந்துச்சு. மேகம் இறங்கிச்சு. நான் குதிகாலை லேசா இழுத்தேன், அவ புரிஞ்சுக்கிட்டா."

சிவப்பு அன்று தன் உச்சிக் கதையை எடுக்கவில்லை. கொஞ்சம் நகர்ந்து, நனைந்திருந்த பழுப்புக்கு அடுப்போரம் இடம் விட்டது.