டாவு ஏன் நிற்கிறான்?

"இன்னையோட இந்தக் கிழட்டு நாய்க்குக் கூழு கிடையாது. சொல்லிட்டேன்!"

மனைவி மாலினேயோ சட்டியை டங்கென்று மூடினாள்.

அவள் கணவர் லெபோனாவுக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷமாக அவருடைய செம்மறிகளில் ஒன்றைக்கூட நரிக்கு விட்டுக்கொடுக்காத டாவுவுக்கா இந்தப் பேச்சு?

"வயசானா தள்ளிடுவியா? நாளைக்கு என்னையும் தள்ளுவ!"

"மேய்ச்சல் மேட்டுக்கு முன்னெல்லாம் அரை மணி நேரம். இப்ப ஒன்றரை மணி. கேட்டா, 'டாவு நின்னு நின்னு வர்றான்'ங்கறீங்க. நடக்காத நாய் எதுக்கு? ஒண்ணு, டவுன்ல கால்நடை டாக்டர்கிட்ட காட்டுங்க. இல்ல, என் தம்பி வேற நாயோட வருவான்."

"உனக்கு நெஞ்சுல இருக்கிறது ஈரம் இல்லடி, கல்லு!"

"கல்லாவே இருக்கட்டும். வியாழக்கிழமைதான் கெடு. அவ்வளவுதான்."

வியாழக்கிழமை விடியலிலேயே, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார். மினிபஸ்ஸில் ஒரே குளிர். தன் கம்பளியில் பாதியை டாவு மேல் போர்த்தினார்.

"பெரியவரே, கம்பளி நாய்க்கா, உங்களுக்கா?" என்றான் டிரைவர்.

"இவனுக்குத்தான். மிச்சம் இருந்தா எனக்கு."

பஸ்ஸே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

டாக்டர் லிம்ஃபோ இளம்பெண். டாவுவின் காதைத் தடவிக்கொண்டே கேட்டாள். "என்ன பண்ணுது, ஐயா?"

லெபோனா மடை திறந்தாற்போலக் கொட்டினார்.

"எலும்பை இப்பல்லாம் இடது பக்கமா மட்டும்தான் கடிக்கிறான், டாக்டரம்மா. வலது பக்கத்துல இருந்து கூப்பிட்டா திரும்ப மாட்டான். படுக்கிறதுக்கு முன்னாடி மூணு சுத்து சுத்துவான். இந்தக் குளிர்காலத்துல ரெண்டுதான். வாலு அதேதான். ஆனா முன்ன மாதிரி மேல தூக்கி ஆட்டுறதில்லை, கொஞ்சம் தணிஞ்சு ஆட்டுறான்."

லிம்ஃபோ நிமிர்ந்து பார்த்தாள். "வாலையெல்லாமா கவனிச்சீங்க?"

"வாய் இல்லாத ஜீவன். நாமதானேம்மா பார்க்கணும்?" அவர் குரல் தழைந்தது. "எல்லாத்தையும்விட, மேடு ஏற மாட்டேங்கறான். பத்தடி வைப்பான், உக்காந்துடுவான். நானும் பாவம்னு பக்கத்துல உக்காந்துக்குவேன். இவனுக்கு ஏதாவது ஆயிடுமா?"

அவள் டாவுவின் வாயைத் திறந்து பார்த்தாள். வலது பக்கக் கடைவாய்ப்பல் ஒன்று உடைந்திருந்தது. வலது காது மந்தம். இடுப்பைப் பிடித்துப் பார்த்தாள். குழாயை வைத்து நெஞ்சை வெகுநேரம் கேட்டாள்.

"பின்னாடி ஒரு மேடு இருக்கு. வாங்க, ஏறிப் பார்ப்போம்."

மூவரும் ஏறினார்கள். பதினைந்தடி போயிருப்பார்கள். டாவு உட்கார்ந்துவிட்டான்.

"பார்த்தீங்களா!" என்று லெபோனாவும் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீங்க இங்கேயே இருங்க, ஐயா. அவனை மட்டும் மேல அனுப்புங்க."

"போக மாட்டான்ம்மா."

"அனுப்பித்தான் பாருங்களேன்."

லெபோனா கையைத் தூக்கி மேட்டைக் காட்டினார். அவ்வளவுதான். டாவு கல்லுக்குக் கல் தாவி உச்சிக்குப் போய்விட்டான். அங்கே யாருடைய ஆடுகளோ மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒரு சுற்றுச் சுற்றி வளைத்துவிட்டு, அதே வேகத்தில் இறங்கி வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். பெரிதாக மூச்சுகூட வாங்கவில்லை.

லெபோனா டாவுவின் காதைப் பிடித்தார். "அடப்பாவி! பின்ன ஏண்டா என்கூட வர்றப்ப மட்டும் உக்கார்ற?"

"ஏறும்போது நான் உங்க ரெண்டு பேரையும்தான் பார்த்துட்டே வந்தேன்," என்றாள் லிம்ஃபோ மெதுவாக. "உங்களுக்கு மூச்சு இரைக்க ஆரம்பிச்சதும் அவன் திரும்பி உங்க முகத்தைப் பார்த்தான். அப்புறம்தான் உக்காந்தான். அவன் முடியாம நிக்கலை, ஐயா. உங்களுக்காக நிக்கிறான்."

லெபோனா டாவுவின் கழுத்தில் கையைப் போட்டுத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்களுக்குக் கால் வீங்குதா?"

"சாயந்தரமானா பூட்ஸ் ஏற மாட்டேங்குது," என்று முணுமுணுத்தார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா..."

"அவன் பல்லை நான் பார்த்துக்கிறேன். நீங்க எதிர்ல இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே."

ஆஸ்பத்திரியில் ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், இன்னொரு முறை பார்த்தாள். பெரிய டாக்டரைக் கூட்டிவந்தாள். இதயம் களைத்துப் போயிருக்கிறதாம். மாத்திரை, உப்பில்லாச் சாப்பாடு, மாதம் ஒரு முறை வர வேண்டும்.

"நல்லவேளை, இப்பவாவது வந்தீங்க. இன்னும் ரெண்டு மாசம் போயிருந்தா..." என்று டாக்டர் மீதியைச் சொல்லாமல் விட்டார்.

நர்ஸ் ஒரு அட்டையை நீட்டினாள். அதில் அவர் பெயர், ஊர், வயது எல்லாம் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்தன. தேதி, போன வெள்ளிக்கிழமை.

"இதென்னம்மா? நான் இன்னைக்குத்தானே வந்தேன்?"

நர்ஸ் சிரித்தாள்.

"உங்க வீட்டம்மா வந்து பதிஞ்சுட்டுப் போனாங்க. அப்படியே எதிர்ல நாய் டாக்டரையும் பார்த்துப் பேசிட்டுத்தான் போனாங்க. 'உடம்பைக் காட்டுங்கன்னா அந்த மனுஷன் சாகுறவரைக்கும் வர மாட்டாரு. நாய்க்கு முடியலன்னா ஓடி வருவாரு. நான் திட்டியே அனுப்பி வைக்கிறேன், நீங்க பிடிச்சுக்கோங்க'ன்னு சொல்லும்போதே, பாவம், அழுதுட்டாங்க ஐயா."